எண்ணிக்கை போதும்

மார்ச் 3, செவ்வாய்
இன்று சலவைக்கூடத்தில் ஓட்டல் பெட்ஷீட் மட்டும் நானூறு. சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தேன். எல்லோரும் சேர்ந்து எழுதும் எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில், எழுத்துநடை விதிகளுக்கான பக்கத்தில், கண்ணாடி அண்ணன் ஒரு முன்மொழிவு வைத்திருக்கிறார். முகத்துக்குப் பதில் மூக்குக்கண்ணாடிப் படம் போட்டிருப்பதால் நான் வைத்த பெயர். பெட்ஷீட் மடிக்கிறவள் என்பதால் அங்கே நான் ‘மடிப்பு’.

“விபத்துக் கட்டுரைகளில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் வேண்டாம். எண்ணிக்கை போதும். பட்டியல் நடையைக் கெடுக்கிறது.”

ஏழு நாள் விவாதம். யாரும் மறுக்காவிட்டால் அது விதி. வாக்கெடுப்பு கிடையாது. வாய் திறக்காதவர்கள் எல்லாம் சம்மதித்தவர்கள்.

நான் முழுதாக எழுதிய ஒரே கட்டுரை, ஆலையில் கொதிகலன் வெடித்தது பற்றி. பதினோரு பெயர்கள். ஏழாவது அப்பா.

மார்ச் 4
மறுப்பு எழுதினேன். அழித்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

மார்ச் 6
மூன்று பேர் ஆதரவு. ஒருவர், “நாம என்ன டெலிபோன் டைரக்டரியா நடத்துறோம்?” என்று கேட்டிருக்கிறார். கீழே பதினான்கு சிரிப்பு முகங்கள்.
எண்ணிப் பார்த்தேன். செத்தவர்களைவிட மூன்று அதிகம்.

மார்ச் 9
“என்னடி, போனையே மொறச்சுக்கிட்டு இருக்க?” என்றாள் அம்மா. சொன்னேன். கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.
“ஆலைக்காரன் வச்ச கல்லுலயும் பேரு இல்ல. ‘தொழிலாளர்கள்’னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான். நீ எழுதுனதுலயாவது இருக்கேன்னு நெனச்சேன்.”
துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, “நாலு வார்த்த எழுத வாயா வேணும்? கைதானே வேணும்?”

மார்ச் 10
கடைசி நாள். பெட்ஷீட்டைத் தேய்க்கும் சூட்டு உருளைக்குப் பக்கத்தில் நின்றே எழுதினேன். “ஏய் ஊமைக்கோட்டான், துணி கருகுது பாரு!” என்று சூப்பர்வைசர் அக்கா கத்துவதற்குள் அனுப்பிவிட்டேன்.

“பெயர்களை எடுக்காதீர்கள். அதில் ஒருவர் என் அப்பா.”

ஒரு வாரம் யோசித்து எழுதியது இவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் கண்ணாடி அண்ணன் பதில் போட்டார். “ஆழ்ந்த வருத்தம், மடிப்பு. ஆனால் இறந்தவரின் உறவினர் சொல்லும் கருத்து நம் வழக்கப்படி செல்லாது. இதை மறுப்பாகக் கொள்ள இயலாது.”

காரணம் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் விவாதமாவது நீண்டிருக்கும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

மார்ச் 11
“ஒருமித்த கருத்து எட்டப்பட்டது.”
என் கட்டுரையில் பெயர்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரே வரி: ‘பதினொருவர் இறந்தனர்.’
போதுமாம். எண்ணிக்கை போதுமாம். எனக்கென்ன பதினோரு அப்பாவா இருந்தாங்க?
“அப்பா பேரு இருக்கா?” என்றாள் அம்மா.
“இருக்கும்மா.”

மார்ச் 29
பாலம் இடிந்த கட்டுரையில் ஒன்பது பெயர்கள் அப்படியே இருக்கின்றன. படகு கவிழ்ந்ததில் இருபத்தாறு. அவற்றை எடுக்க யாருக்கும் நேரமில்லையாம். அப்பாவை எடுக்க மட்டும் நேரம் இருந்ததா?
விதி என்றால் எல்லோருக்கும்தானே? பாலத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயரையும் படித்துவிட்டு எடுத்தேன். அடுத்தது படகு. மூன்றாவது கட்டுரையில் பெயர்களைப் படிக்கவில்லை.

மே 17
“விதியைச் சரியாகக் கடைப்பிடிப்பவர் மடிப்பு ஒருவர்தான்” என்று கண்ணாடி அண்ணன் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி, ஒரு பதக்கப் படமும் போட்டிருக்கிறார். அம்மாவிடம் பதக்கத்தை மட்டும் காட்டினேன். “உங்கப்பா பாத்திருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பாரு” என்றாள்.

ஜூன் 15
படகுக் கட்டுரைக்குக் கீழே புதிதாக ஒருவர். அவருக்கு எழுதிப் பழக்கமில்லை என்று இரண்டாவது வரியிலேயே தெரிகிறது.
“என் தங்கச்சி பேர மட்டுமாச்சும் திருப்பிப் போடுங்க. வேற எங்கயும் அவ பேரு இல்ல.”
மூன்று முறை படித்தேன்.
‘ஆழ்ந்த வருத்தம்’ என்று ஆரம்பித்தேன். மிச்சம் மனப்பாடமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அனுப்பிவிட்டேன்.