ஈயம் இல்லாத கம்பி

12 பிப்ரவரி 2008, செவ்வாய்

ஆம்ப்ளிஃபயர் கிட்டைப் பற்றவைக்க உட்கார்ந்தால் சால்டர் கம்பி லேசில் உருகவில்லை. வைத்த இடமெல்லாம் பளபளப்பில்லாமல் மங்கிக் கிடந்தது. பிஸ்கட் டப்பாவில் இருந்த என் பழைய சுருளைக் காணோம். அதன் இடத்தில் ஈயம் கலக்காத புதுச் சுருள்.

மாடி வீட்டு பாஸ்கர் மேல்தான் சந்தேகம். அவருக்கு நாச்சாரத்தில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. இந்த மாதிரிக் கம்பி அவரிடம்தான் இருக்கும். என்னுடையதை எடுத்துக்கொண்டு இதைத் தள்ளிவிட்டார் என்று நினைத்து, மேலே போய்க் கேட்டேவிட்டேன்.

“என் மேல டவுட் நக்கோ சார், வேண்டாம். மேடம்தான் ஈயம் இல்லாததா வேணும்னு கேட்டு வாங்கினாங்க.”

எனக்குத் தெரியாமல் என் மனைவிக்கு எதற்கு சால்டர்? சாப்பிடும்போது கேட்டேன்.

“எட்டு மாசத்துக்கு வீட்ல ஈயப் புகையே வேண்டாம்னு லேடி டாக்டர் சொன்னாங்க. பழசை நான்தான் எடுத்து வச்சேன்.”

புகை ஈயத்தால் வருவதில்லை, கம்பிக்குள் இருக்கும் பிசினால் வருவது என்று அரைமணி நேரம் விளக்கினேன். சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்பும் சரியில்லை. எதையோ மறைக்கிறாள். எட்டு மாதம் என்பது என்ன கணக்கு என்று இதை எழுதும்போதுதான்—