காலையில் செத்துக் கிடக்கும் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் வண்டி எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'கடக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பின்னால் லாட்ஜுக்குப் போக வேண்டிய விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் மூட்டை மூட்டையாக ஏற்றியாகிவிட்டது. தம்பி ஸ்டியரிங்கில் உட்கார, நானும் வீட்டுக்காரரும் துவைக்கிற பெண்கள் இரண்டு பேரும் தெருமுனை வரை தள்ளினோம். அப்புறம்தான் இருமிக்கொண்டே உயிர் வந்தது. நான் சலவைக்கூடம் நடத்துகிறேனா, வண்டி தள்ளும் சங்கம் நடத்துகிறேனா?

லாட்ஜ் மேனேஜர் போனில் வைகிறார். "ரூமுக்கு ஆள் வந்து நிக்குதும்மா. வெறும் மெத்தையைக் காட்டவா?"

தம்பி திரும்பி வந்ததும் பழைய பாட்டு. "அக்கா, இந்தக் கிழட்டு பிக்கப்பை வித்துத் தொலைப்போம். புதுசா ஒண்ணு எடுப்போம்." இந்தத் தொழிலில் அவனும் நானும் பாதிப் பாதி. துவைப்பது என் பொறுப்பு, ஓட்டுவது அவன் பொறுப்பு. வண்டி கிழடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்ஜின் கல்லுக்குண்டு. பகலில் எத்தனை முறை நிறுத்தினாலும் ஒரே திருப்பில் எடுக்கிறது. விடிந்தால் மட்டும் செத்துக் கிடக்கிறது. அது எப்படி?

ஜூன் 5, வியாழன்

எலக்ட்ரீஷியன் வந்தார். எல்லாருக்கும் அவர் 'வயரண்ணன்'. இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். "டைனமோ ராஜா மாதிரி சார்ஜ் ஏத்துதும்மா. பேட்டரிதான் ஆயுசு முடிஞ்சிருச்சு" என்றார். புதியது மாட்டினார்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் புது பேட்டரியின் பக்கவாட்டில் கீழோரமாக நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். நாளைக்கே பழசைப் புதுசென்று மாற்றி வைத்தால் யாருக்குத் தெரியும்?

ஜூன் 6, வெள்ளி

ஒரே திருப்பு. அப்பாடா!

ஜூன் 9, திங்கள்

நேற்று ஞாயிறு, வண்டிக்கு ஓய்வு. இன்று காலை புது பேட்டரியும் பிணம்.

வயரண்ணன் வேலைதான் என்று பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தேன். என் பொட்டு அப்படியே இருக்கிறது. சரி, அவர் இல்லை. அப்படியென்றால்?

சாயங்காலம் ஒரு காய்கறி வியாபாரி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "விக்கிறதா கேள்விப்பட்டேன்" என்கிறார். நான் யாரிடமும் சொல்லவில்லையே! இந்த வீட்டில் விற்கணும் விற்கணும் என்று சொல்கிறவன் ஒரே ஒருத்தன்தான்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

வண்டி நிற்பது கூடத்துக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில். கேட் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம். அவன் வீடு அடுத்த தெரு. காலையில் முதல் ஆளாக வருகிறவனும் அவன்தான். பேட்டரி செத்தால் அவனுக்கு லாபம், எனக்கு நஷ்டம். தினமும் செத்தால் நானே அலுத்துப்போய் "வித்துடுடா" என்பேன். அதுதானே கணக்கு?

வீட்டுக்காரரிடம் லேசாகச் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மஞ்சக் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்" என்றார். மைத்துனன் என்றால் அவருக்கு உயிர். கட்டிக்கொண்டவள் யாரோ!

இன்றைக்கு ஒரு வேலை செய்திருக்கிறேன். தம்பி போன பிறகு ஸ்பேனரால் பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வைத்துவிட்டேன். இப்போது ராத்திரியில் வந்து எந்த லைட்டைப் போட்டுவிட்டாலும் பேட்டரி இறங்காது. வரட்டும்.

ஜூன் 11, புதன்

அவன் வருவதற்கு முன்னாலேயே டெர்மினலை மாட்டி வைத்தேன். சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு! "அட, இன்னைக்கு நல்ல மூடுல இருக்கே" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தான். நடிப்பைப் பார்.

ஜூன் 12, வியாழன்

இரண்டாவது நாளும் எடுத்தது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. இது அவன் வேலை இல்லை என்று எப்படியாவது ஆகிவிடக் கூடாதா? இன்று வேண்டுமென்றே கழற்றாமல் விடப்போகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

செத்துவிட்டது.

கழற்றினால் எடுக்கிறது, கழற்றாவிட்டால் சாகிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஜூன் 14, சனி

கேட்டுவிட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"நாங்க போனதுக்கு அப்புறம் வண்டில என்னடா பண்றே?" என்றேன். அவன் சிரித்தான். முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தான். டெர்மினல் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"நீ டெர்மினலைக் கழட்டினியா? கழட்டி வெச்சா எடுக்குதா? அக்கா, அப்படின்னா கரன்ட் எங்கியோ—"

"பேச்சை மாத்தாதே! வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுவாங்க, இப்பத்தான் கண்ணால பாக்கறேன். வித்துட்டுப் போகணும்னா நேராச் சொல்லு. எதுக்கு இந்தத் திருட்டு வேலை?"

துவைக்கிற பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். வண்டிச் சாவியையும் கேட் சாவியையும் இஸ்திரி மேஜையில் வைத்தான். "மாமா, நான் வரேன்" என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

போகட்டும். குற்றமில்லாதவன் நின்று பேசியிருப்பான்.

பேசினானே. நான் விட்டேனா?

கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிவிட்டேன். ஒரே சாவி, அது என் இடுப்பில். இனிமேல் டெர்மினலைக் கழற்றுகிற தொல்லை இல்லை.

ஜூன் 16, திங்கள்

வண்டி எடுக்கவில்லை.

மறுபடி எழுதுகிறேன். பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. யாரும் வரல. வண்டி செத்துக் கிடக்கு. அய்யோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்?

ஜூன் 17, செவ்வாய்

நேற்றும் இன்றும் வாடகை வண்டியில்தான் மூட்டைகள் போயின. வயரண்ணனை வரவழைத்து நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த பேட்டரியை வைத்தார். ஒரு டெர்மினலை மட்டும் மாட்டாமல் விட்டு, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு டெஸ்ட் லைட்டைப் பிடித்தார். சாவி என் கையில், எல்லா சுவிட்சும் அணைத்திருக்கிறது. ஆனால் லைட் எரிந்தது. "பாத்தீங்களா, ஏதோ ஒண்ணு குடிச்சிட்டே இருக்கு." ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். லைட் அணையவில்லை. கடைசியில் டைனமோவுக்குப் பின்னால் இருக்கும் தடி வயரைக் கழற்றினார். பட்டென்று அணைந்தது.

"உள்ள கரன்ட் திரும்பி வராமத் தடுக்கற டயோடு லீக் ஆகுதும்மா. ஓடும்போது நல்லாத்தான் சார்ஜ் ஏத்தும். அதான் நானும் ஏமாந்துட்டேன். இன்ஜின் நின்னா, ஏத்தினதை அதுவே உறிஞ்சிடும். நீங்க கழட்டி வெச்ச அன்னிக்கெல்லாம் அதால உறிஞ்ச முடியல. அவ்வளவுதான் விஷயம்."

நான் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி பாதியில் நிறுத்தியது இதைத்தான். கரன்ட் எங்கேயோ போகிறது என்று சொல்ல வந்தவனை நான் திருடன் என்றேன்.

"அந்தக் காய்கறி வியாபாரிகிட்ட வண்டி விக்கிறாங்கன்னு யாருண்ணே சொன்னது?" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "நான்தாம்மா. பழைய வண்டியாச்சே, சும்மா போய்க் கேட்டுப் பாருன்னேன்."

வீட்டுக்காரர் ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

தம்பி ஓடு, செங்கல் விற்கிற கிடங்கு ஒன்றில் சுமை ஏற்றுகிறான். தேடிப் போனேன். தலைமுடியெல்லாம் செங்கல் நிறத்தில் தூசி. ஸ்டியரிங் பிடித்த கை.

"டைனமோதான்டா. மாத்தியாச்சு" என்றேன்.

"நல்லது."

"நான் பேசினது தப்புடா. பெரிய தப்பு. வா, போலாம்."

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்: "ரெண்டு துண்டைத் தூக்கிட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நம்ம பொழப்பையே நான் நிறுத்தினேன்னு சொன்னியேக்கா. அது எனக்கும் சோறுதானே?"

நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றான். அழுகையை நிறுத்தத்தான் சொன்னானோ?

ஜூன் 23, திங்கள்

வந்துவிட்டான்! ஒரே திருப்பில் எடுத்தது. மேனேஜர்கூடச் சிரித்துப் பேசினாராம்.

ஜூன் 26, வியாழன்

வண்டி நன்றாக இருக்கிறது. நானும் அவனும் பேசிக்கொள்கிறோம். லாட்ஜ், மூட்டை, டீசல், மழை வருமா வராதா, எல்லாம் பேசுகிறோம். ஆனால் கேட்டின் புதுச் சாவியை நீட்டினேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டான். காலையில் நான் வந்து திறக்கும்வரை வாசலிலேயே நிற்கிறான். ஆயில் பார்க்க பானெட்டைத் திறப்பதென்றால், "மாமா, கொஞ்சம் வந்து பக்கத்துல நில்லுங்க" என்று கூப்பிடுகிறான். அவரும் வேலையைப் போட்டுவிட்டுப் போய் நிற்கிறார். குத்திக்காட்டுகிறானா, பயப்படுகிறானா? குத்திக்காட்டினால் தேவலை.

ஜூலை 2, புதன்

லாட்ஜிலிருந்து திரும்பும்போது போன் செய்தான். "டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாத்திட்டிருக்கேன். கொஞ்சம் லேட்டாகும்." சரிடா, மெதுவா வா என்றேன்.

போனை வைத்ததும் ஒரு படம் வந்தது. டயரில் ஏறியிருந்த ஆணி. அடுத்து இன்னொரு படம். அதே ஆணி அவன் உள்ளங்கையில்.

"படமெல்லாம் எதுக்குடா?" என்று எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டான்.

வந்தான். அழுக்கு மூட்டைகளை இறக்கினான். மேஜையில் வண்டிச் சாவியை வைத்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்த ஆணியை எடுத்து, சாவிக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.