இன்னும் இறங்கல

நவ. 5, 1951, திங்கள்

காலையிலிருந்து தூறல். எதிர் மலை தெரியவில்லை. சைக்கிள் சங்கிலி மறுபடி கழன்றது.

ரிங்லெட் கடைத்தெரு பார்வை. ராவுத்தர் சாப்பாட்டுக் கடை: ஈ வலை கிழிசல், கோப்பையில் கீறல். எச்சரித்தேன். "ஊரெல்லாம் துப்பாக்கிச் சத்தம், ஐயா கோப்பையைப் பாக்க வந்துட்டீங்க" என்றார். கோப்பையைப் பார்க்கத்தானே சுகாதார வாரியம் எனக்குச் சோறு போடுகிறது. டீ குடிக்கச் சொன்னார். வேண்டாமென்றேன். கீறல் கோப்பையில்தான் வரும்.

என் உதவியாள் முனியாண்டி (மு.) வேலைக்கு வரவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. கொசு எண்ணெய் பம்பை நானே முதுகில் கட்டிக்கொண்டு சாக்கடை சாக்கடையாக அடித்தேன். வழி முழுக்க அவனைத் திட்டினேன். இடுப்பு போச்சு.

நாளை: எஸ்டேட் லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் வரிசை. முனியாண்டி வீடும் அங்கேதான். நேரில் பிடித்துக் கேட்க வேண்டும்.

நவ. 6, செவ்வாய்

மழை. திட்டியதற்கு வருத்தமாக இருக்கிறது.

முனியாண்டியை நேற்றுச் சாயங்காலம் போலீஸ் கொண்டுபோய்விட்டது. லயத்து முள்கம்பி கேட்டுக்கு உள்ளே நின்ற பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அது வழக்கம்தான். போன வருஷம் தொத்து நோய் கண்ட இரண்டு பிள்ளைகளை வாரிய வண்டியில் ஏற்றித் தனி வார்டுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து இந்த லயத்துக்கு நான் பிள்ளை பிடிக்கிறவன்.

விஷயத்தைச் சொன்னது கேட் காவல் ஹமீட். மலாய்க்காரன், ஸ்பெஷல் கான்ஸ்டபிள், நல்ல பையன். நம் தமிழ் பாதி தெரியும். அந்தப் பாதிதான் வம்பு.

"முனியாண்டி வீட்டுல காட்டு ஆள் கூட்டு, ஐயா. கம்யூனிஸ்ட் பொம்பள. அவன் பொஞ்சாதி காத்தாயி பக்கத்து வீட்ல சொல்லிச்சு, நானே கேட்டேன் லா. 'வந்திருக்காங்க' சொல்லிச்சு. அப்புறம் 'இன்னும் எறங்கல' சொல்லிச்சு. பெலும் தூருன். மலையில இருந்து எறங்கல, அதானே? சோறு தனியா மூலையில எடுத்து வச்சிருக்கு. யாரும் சாப்பிடல. தாப்பா லோரியில எலைக் கட்டு வேற வருது."

"என்ன எலை?"

"கசப்பு எலை."

சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் மு.வின் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். அம்மை. மு.வின் மகள் பவளத்துக்கு. ஆறு வயசு. இந்தக் குளிரில் வேப்பமரம் ஏது, தாப்பாவிலிருந்துதான் வர வேண்டும். ஆத்தா வந்திருக்கிறாள், ஆத்தா இன்னும் இறங்கவில்லை. நம் வீட்டுச் சிறுபிள்ளைக்குக்கூடத் தெரிந்த பேச்சு. ஹமீடுக்குத் தெரியாது. அவன் காதில் விழுந்ததை அவன் போலீசிடம் சொன்னான். தப்பு சொல்ல முடியாது.

போலீஸ் பூட்ஸ் காலோடு போய் வீட்டைச் சோதித்திருக்கிறது. இருட்டு. போர்வைக்குள் ஒரு பிள்ளை, மூலையில் படைத்த சோறு, வேறு ஆள் இல்லை. 'யார் வந்தது?' என்று மு.விடம் கேட்டிருக்கிறார்கள். 'பேரு சொல்லக்கூடாதுங்க' என்றிருக்கிறான். அதற்கு மேல் போலீசுக்கு என்ன வேண்டும்?

நவ. 7, புதன்

ஸ்டேஷன். போலீஸ் துரையிடம் மலாயில் எடுத்துச் சொன்னேன். அது ஆள் இல்லை, நோய். எங்கள் ஜனங்கள் அதைச் சாமியாகப் பாவிப்பார்கள், பேர் சொல்ல மாட்டார்கள். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு கேட்டது: "பிள்ளையை நீ பார்த்தாயா?"

பார்க்கவில்லை. கதவு திறக்கவில்லை.

"முனியாண்டி உன் ஆள்தானே?"

ஆமாம்.

"அப்போது நீ இதைத்தான் சொல்வாய். நோய் என்றால் அவன் வாயால் சொல்லட்டும், இல்லை அவன் மனைவி சொல்லட்டும். நோயை யாராவது மறைப்பார்களா?"

மறைப்பார்கள் துரை, என்னிடமிருந்துதான் மறைப்பார்கள் என்று சொல்ல வந்தேன். சலாம் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

மு.வை வெள்ளிக்கிழமை லோரியில் தாப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து தடுப்பு முகாம். அதற்கப்புறம் இந்தியாவுக்குக் கப்பல் என்று ரைட்டர் காதோடு சொன்னார். மு. இங்கே பிறந்தவன். அவனை நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பான்?

கம்பிக்கு அந்தப் பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது.

"நோவுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டா."

"அவங்களப் போயி நோவுன்னு சொல்லுறதா? புள்ள தலைமாட்டுல உக்காந்திருக்காங்க ஐயா."

"கப்பல் ஏத்திருவாங்கடா."

"ஏத்தட்டும். புள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது." உதட்டைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "பம்பு யாரு தூக்குறா?" என்றான்.

வெளியே வந்து மூக்கைச் சிந்தினேன். சளிதான்.

நவ. 8, வியாழன்

விடிந்ததும் லயம். எட்டத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். நிலையில் வேப்பிலை, வாசலில் சாக்குத் திரை. காத்தாயி திரைக்குப் பின்னால்.

"கிட்ட வராதீங்க ஐயா. வெளியாள் நிழல் படக்கூடாது. அன்னிக்கே பூட்ஸோட வந்து மிதிச்சுட்டுப் போயிட்டானுங்க."

"பிள்ளைக்கு எப்படி?"

"ஒடம்பெல்லாம் முத்துப் போட்டிருக்காங்க. கண்ணோரம் ஒண்ணு. உள்ள போட்டுறாதீங்க தாயேன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்."

முகாம், கப்பல், எல்லாம் சொன்னேன். ஸ்டேஷனுக்கு வந்து ஒரே வார்த்தை சொன்னால் போதும், சொல்லும்போது நானும் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன்.

"நோவுன்னா?"

"ஆமா."

"எம்புள்ள மேல ஏறி நிக்கிறவங்கள, நீ வெறும் நோவுன்னு நான் சொல்லணும்."

 எத்தனை லயத்தில் அதட்டியிருக்கிறேன், நோய்க்கு நோய் என்று பேர் சொல்லுங்கள், சாமியை ஏன் இழுக்கிறீர்கள் என்று. இன்று அதட்டவில்லை.

 மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திரை விலகியது. மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலையோடு வந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். குடை கொடுத்தேன். வாங்கவில்லை.

கேட்டிலிருந்து ஹமீட் கூடவே வந்தான், மொழி சொல்ல; நான் சொன்னால் துரை நம்ப மாட்டார். துரை முன்னால் நின்று, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நோவு. எம்மகளுக்கு நோவு. வேற யாரும் வரல."

'நோய்' என்பதற்கு ஹமீட் மலாயில் 'பென்யாக்கிட்' என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். காத்தாயி அங்கேயே கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். துரை திகைத்துப் போய் அவளை ஏன் யாரும் தடுக்கவில்லை என்று கேட்டார். யார் தடுப்பது?

மத்தியானம் துரையின் ஜீப்பிலேயே தானா ராத்தாவிலிருந்து டாக்டர். திரைக்கு உள்ளே போனார். சின்னம்மை, பெரியம்மை இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டார்.

நவ. 9, வெள்ளி

லோரி மு. இல்லாமல் தாப்பாவுக்குப் போனது. கண்ணால் பார்த்தேன். மனம் நிறைந்தது, பொய் சொல்வானேன்.

மு. வீட்டுக்குப் போய்விட்டான். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பம்பு என் முதுகில்தான். பரவாயில்லை.

வாங்க வேண்டியவை: குளோரின், சுண்ணாம்பு, சைக்கிள் சங்கிலி, மருதாவுக்குக் கம்பளி நூல் (மறந்தால் வீட்டில் சோறு இல்லை).

நவ. 11, ஞாயிறு

பவளத்துக்குக் கண்ணுக்குள் போட்டுவிட்டது. வலது கண், கருவிழி மேல். டாக்டர் மறுபடி வந்து சொட்டு மருந்து கொடுத்தார். சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், எதனால் என்று சொல்ல முடியாது என்றார். காத்தாயியிடம் அதைச் சொல்லச் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். "சரிங்க ஐயா" என்றாள். அவ்வளவுதான்.

சாப்பாடு இறங்கவில்லை. மருதா கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

நவ. 14, புதன்

பிரிஞ்சாங்கில் ஆடு அறுக்கிற கொட்டகை பார்வை. தண்ணீர்க் குழாய் அடைப்பு. கசாப்புக்காரருக்கும் எனக்கும் வாக்குவாதம். நான்தான் அதிகம் கத்தினேன். அவர் மேல் கோபமில்லை.

கேட்டில் ஹமீட் என் கண்ணைப் பார்ப்பதில்லை. அவன் அம்மா செய்ததென்று ஒரு டின் பலகாரம் கொடுத்து, லயத்துக்குக் கொடுக்கச் சொன்னான். எண்ணெய்ப் பலகாரம், அந்த வீட்டில் இப்போது ஆகாது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? வாங்கி வைத்திருக்கிறேன்.

நவ. 19, திங்கள்

வெயில், ரொம்ப நாளைக்கப்புறம்.

பவளத்துக்கு இன்று மூன்றாம் தண்ணி ஊற்றினார்கள். திரையை எடுத்தாயிற்று. உள்ளே கூப்பிட்டார்கள், முதல் தடவை. பிள்ளை மஞ்சள் பூசி, வேப்பிலை மேல் உட்கார்ந்திருந்தது. உடம்பில் தழும்பு ஆறி வருகிறது. வலது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டு பார்த்தது. நல்ல சிரிப்பு.

மு. சுவரைப் பார்த்து நின்றான். காத்தாயிதான் கூழ் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரக் கேட்டேன், குடுத்தாங்க. நான் பேசுன பேச்சுக்கு ஒரு கண்ண வச்சுக்கிட்டாங்க. உசுரயே எடுத்திருக்கலாம். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க ஐயா."

அப்படி இல்லை காத்தாயி, அது நோய், நீ பேசியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டரும் அதைத்தானே சொன்னார். வாரியமும் எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தது. பிள்ளை என்னைத் தலை திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.  கூழைக் குடித்து முடித்தேன்.

கேட்டில் ஹமீட் எழுந்து நின்றான். மெதுவாக, தமிழில் கேட்டான்.

"ஐயா, எறங்கியாச்சா?"

"இறங்கிட்டாங்க" என்றேன்.