ஜீரோ விமானத்தின் சாம்பல் நிறம்

கார்த்திகை, புதன் இரவு.

சாயங்காலம் ஜீரோ விமானத்துக்குப் பெயிண்ட் கலக்க உட்கார்ந்தேன். போர்க்காலத்து ஜப்பான் விமானம், நானே ஒட்டிச் சேர்த்த பிளாஸ்டிக் மாடல். அதன் சாம்பல், சுத்தச் சாம்பல் இல்லை. லேசாகப் பச்சை ஓடும். ஈர்க்குச்சி நுனியில் பச்சையைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்தேன். எவ்வளவு சேர்த்தும் எனக்கு வெறும் சாம்பலாகவே தெரிந்தது.

காபி கொண்டுவந்த என் மனைவி செல்வி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஏரோப்பிளேனுக்கு வாழை எலைப் பச்சையா அடிக்கப் போறீங்க?"

டியூப்லைட் சரியில்லை என்று சிரித்து மழுப்பினேன். அவள் போனதும், றெக்கையில் வரும் வட்டத்துக்கான சிவப்பையும் கரும்பச்சையையும் தாளில் பக்கத்துப் பக்கத்தில் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். இரண்டும் ஒரே பழுப்பு.

டிபி மாத்திரை எழுதித் தந்த அன்றே டாக்டர் சொன்னார். "இதுல ஒரு மாத்திரை சில பேருக்குக் கண்ணைப் பாதிக்கும். கலர் மாறித் தெரிஞ்சா ஒடனே வந்துருங்க."

போனால் டெப்போவுக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸை என் கையில் தர மாட்டார்கள். போகாவிட்டால் கண்.

காலையில் அன்னவாசலிலிருந்து முதல் ட்ரிப் என்னுடையது. சிக்னலில் மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை. இடத்தை வைத்தே ஓட்டிவிடலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

படுக்கப் போகும்முன் செல்வி கேட்டாள். "காலையில ஒங்க பஸ்லயே வாரேங்க. புதுக்கோட்டையில எறக்கி விட்டுருங்க."

சரி என்று சொல்லிவிட்டேன்.