வேலைநிறுத்தத்தில் ஊதிய சங்கு

அன்புள்ள சிநேகிதனுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கடிதம் போடுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு பஸ் தூரம்தான். நாற்பத்தைந்து வருடமாக அந்தப் பஸ்ஸில் நாம் இருவரும் ஏறவில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். நாம் குடியிருந்த வரிசை வீடுகளின் லயத்துப் பள்ளிக்கூடம் மட்டும் நிற்கிறது. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். என்னையும் கேட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மணி கிடையாது, மில் சங்குதான் மணி என்று சொன்னேன். வேலைநிறுத்த நாளில் சங்கை ஊதியது நான்தான் என்றும் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள்.

அன்றைக்கு நீங்கள் எல்லாரும் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். மில் ஓடாததால் சங்கு ஊதவில்லை, நாலு மணியாகியும் பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்தார்கள்.

"விட்டிருங்க டீச்சர், பசியில வாடுதுங்க" என்றேன்.

"சங்கு ஊதாம ஒரு பிள்ளையையும் விட ஏலாது. மெனேஜரோட ஓடர்" என்றார். புது டீச்சர், பயந்தவர்.

உன் மகளுக்கு ஆறு வயது. மயங்கி மேசையில் சாய்ந்திருந்தாள். மில்லில் சங்கு இழுப்பது என் வேலைதானே, போய் இழுத்தேன்.

வேலைநிறுத்தம் முடிந்ததென்று நினைத்துப் பாதிப் பேர் மில்லுக்குள் ஓடிவிட்டார்கள். வேலைநிறுத்தமே உடைந்தது. உன் வேலையும் போயிற்று. "கருங்காலிப் பயலே, மெனேஜர் என்னடா குடுத்தான்?" என்று வாசலில் வைத்துக் கேட்டாய். காரணம் சொன்னால் பழி அந்தப் பிள்ளைமேல் விழும். அப்படியே திரும்பி நடந்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. இப்போது அங்கே படிப்பிக்கிற டீச்சர்தான் அந்தப் புத்தகத்தை எழுதுகிறாள், அவளே இதையும் எழுதித் தருகிறாள். நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், இப்போதுதான் திரும்ப எடுத்தாள். உன் மகளின் கையெழுத்து உனக்குத் தெரியாதா என்ன?

இப்படிக்கு,
சங்கை இழுத்தவன்