துளை போடாத கிதார்

முடிச்சூர்
14.6.2008

அன்பு மகள் சோயாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் அல்லாஹ் உதவியால் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, வடகம் காய வைக்க நாலு தடவை மொட்டைமாடிக்குப் போய் வருகிறாள். பக்கத்து வீட்டு அரிகிருஷ்ணன் சார் இருபதாம் தேதி தன் மகளைப் பார்க்க உன் பர்மிங்ஹாமுக்கு விமானம் ஏறுகிறார் அல்லவா, அவர் கையில் இந்தக் கடிதம் வரும், அந்த வடகம் வரும், மிளகாய்த்தூள் வரும், உன் கிதார் மட்டும் வராது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், எனக்கும் கோபம் வந்து வைத்துவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ கிளம்பும்போது பெட்டி எடை கூடிப்போய், பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்கிற அந்த கிதார் கிட்டைப் பரணிலேயே போட்டுவிட்டுப் போனாயே, போன மாதம் போனில் இந்த வருஷமும் லீவு கிடையாது அத்தா, நீங்களே பெயின்ட் அடிச்சு பூட்டி அரிகிருஷ்ணன் அங்கிள்கிட்ட குடுத்து அனுப்பிடுங்க என்றாய். லீவு இல்லை என்றதும் அம்மா முகம் சுருங்கிவிட்டது, ஆனால் எனக்கு, மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாக ஊரில் இருப்பவன் காருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறேன், என் பிள்ளை எனக்கு ஒரு வேலை கொடுத்தது இதுதான் முதல் தடவை. மறுநாளே பெட்டியைக் கீழ்க்கட்டளை ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பிரித்தால் உடம்புக் கட்டை தனி, கழுத்து தனி, ஒயர், திருகாணி, தகடு எல்லாம் தனித்தனிப் பாக்கெட். மலிவுச் சாமான்தான், கட்டை நல்ல கட்டை. பெரிய குழிகள் ஒயர் போக என்று எனக்கே புரிந்தது. நடுவில் பொடிப்பொடியாக நாலு துளை இருந்தது பார், அங்கேதான் உன் அத்தாவின் புத்தி வேலை செய்தது. கார் கதவில் துளை தெரிந்தால் அது கோளாறு, கை தானாகவே பட்டித் தகட்டை எடுத்துவிடும். எவனோ ஃபேக்டரியில் தப்பாக ஓட்டை போட்டுவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டே நாலையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் நீ கேட்ட கரும்பச்சையை நாலு கோட் அடித்தேன். மேலே பளபளப்புக்கு லாக்கர் பூச்சு ஏற்றி பாலிஷ் போட்டதும் அடடா, முகம் பார்த்து மீசை வெட்டலாம். எதிர்க்கடைக்காரர் டீ கிளாஸோடு வந்து நின்று இது இன்னா பாய், வெளிநாட்டுப் பொருளா என்றார். ஆமாம், என் மகளோடது என்றேன்.

அப்புறம் பூட்டுவதற்கு கிருபாவைக் கூப்பிட்டேன். உனக்குத் தெரியாது, தாம்பரம் சர்ச்சில் கிதார் வாசிக்கிறவர், பைக் டேங்க்குக்கு பெயின்ட் அடிக்க வந்து பழக்கம். வந்தவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், நான் பாராட்டுவார் என்று காத்திருக்கிறேன், அவர் இன்னா பாய், பிரிட்ஜ் குந்துற ஓட்டை எங்க என்கிறார். தந்தியெல்லாம் கீழே போய் மாட்டுகிற அந்த இரும்புத் தகட்டுக்கான துளைகளாம் அவை. அது கொஞ்சம் நகர்ந்தாலும் எந்தச் சுரமும் சரியாகப் பேசாதாம். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா சிரித்தாள் பார் ஒரு சிரிப்பு, இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

இன்னொரு தப்பும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பக்கம் தந்தி ஏறுகிற இடத்திலிருந்து கழுத்தில் பன்னிரண்டாவது கோடு வரைக்கும் எவ்வளவோ, அதே அளவு அங்கிருந்து பிரிட்ஜ் வரைக்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் பாய் கணக்கு என்று கிருபா சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பொறுக்குமா, அவர் திரும்பி வருவதற்குள் அன்றைக்கே கழுத்தைச் சொருகி ஸ்கேல் வைத்து அளந்து நானே துளை போட்டேன். அளவு சரி. ஆனால் கார் கதவு விளிம்புக்கு உள்ளே எல்லாம் அடிக்கிற பழக்கத்தில் கழுத்து உட்காருகிற குழியிலும் நன்றாக பெயின்ட் ஏற்றியிருந்தேன், கழுத்து முழுக்க இறங்காமல் ஒரு நூல் அளவு வெளியே நின்றிருக்கிறது. கிருபா வந்து குழியைச் சுரண்டியதும் அது சட்டென்று உள்ளே போனது, பிரிட்ஜுக்கு நான் அளந்த தூரம் குறைந்துவிட்டது. தந்தி கட்டிப் பார்த்தார், திருகித் திருகிப் பார்த்தார், சரிக்கு வரவில்லை. தலையைச் சொறிந்தார். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு, மறுபடி பச்சை. இப்போது பார்த்தால் எங்கே அடைத்தேன் என்று எனக்கே தெரியாது. சொல்லாதீங்க, அவ கண்டுபிடிக்கவா போறா என்றாள் அம்மா. எந்தப் பெயின்டரும் வண்டிக்காரரிடம் பட்டி போட்ட இடத்தைக் காட்டமாட்டான்தான், ஆனால் நீ வண்டிக்காரி இல்லையே.

பயப்படாதே, பொருள் வீணாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கிருபாவும் நானும் சேர்ந்து, கழுத்தை ஆணி முடுக்கி இறுக்கி, மூன்று தடவை அளந்து சரியான இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டோம். டிரில் ஷெட்டிலேயே இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. இன்றைக்குத் தேதி பதினாலு, அரிகிருஷ்ணன் சார் தினமும் ரெடியா பாய் என்று கேட்கிறார், பிரித்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கக்கூட இடம் ஒதுக்கிவிட்டார் பாவம். அவர் மகளைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் தைத்த கோட்டைப் போட்டுக்காட்ட நேற்று வீட்டுக்கு வந்தார். அவர் போனபிறகு அம்மா சொன்னாள், இதையும் அனுப்பிட்டா அவ இங்க வர்றதுக்கு இன்னா வேலைங்க பாக்கி இருக்குது என்று. நான் அதட்டினேன். ஆனால் இன்றைக்குக் காலையில் டிரில்லைக் கையில் எடுத்தேன், புள்ளிமேல் வைத்தேன், திரும்பக் கீழே வைத்துவிட்டேன். முதலில் துளையை அடைத்தது தெரியாமல் செய்த தப்பு. இரண்டாவது அவசரத்தில் செய்த தப்பு. இப்போது துளை போடாமல் வைத்திருக்கிறேனே சோயா, இது தப்பில்லை, தெரிந்தேதான் செய்கிறேன்.

சளி பிடிக்கும், தலையை ஈரத்தோடு விடாதே. வடகத்தை வெயிலில் இன்னொரு தடவை காட்டு, அந்த ஊரில் வெயில் வந்தால். பக்ரீத் டிசம்பர் மாதம் வருகிறது, லீவை இப்போதே எழுதிக் கேள். அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், அம்மா உன் நெற்றியில் முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள்.

உன் வரவை எதிர்பார்க்கும் அத்தா,
சௌகத் அலி