வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்ட ரொபி

இன்று காலை குளிர் கூடிவிட்டதென்று தடித்த கோட்டை எடுத்துப் போட்டேன். பைக்குள் கையை விட்டால், உம்முடைய செத்தவீட்டில் வாசலில் வைத்து எல்லாருக்கும் தந்த சின்ன வெள்ளை உறை. உள்ளே தாளில் சுற்றிய ஒரு இனிப்பு ரொபி. உம்முடைய ஞாபகமாக இருக்கட்டும் என்று சாப்பிடாமல் வைத்தேன். சீன வழக்கத்தில் அது பிழையாம். வீட்டுப் படி ஏறமுன்னர் அதைச் சாப்பிட்டு, துக்கத்தை வழியிலேயே விட்டுவிட்டு வர வேண்டுமாம். போன கிழமை உம்முடைய மகள்தான் போன் எடுத்துச் சொன்னாள். அவளுக்கே ஹொங்கொங்கிலிருந்து உம்முடைய தங்கை சொல்லித்தான் தெரியுமாம். மகளும் தன்னுடைய ரொபியைச் சாப்பிடவில்லை.

"அன்ரி, நான் சைனீஸ். எனக்கே உது தெரியேல்லையே," என்று அழுதாள்.

அவள் சொன்னது ஆங்கிலத்தில்தான். நீரும் நானும் அத்தனை வருடமும் கதைத்ததும் அதில்தான். ஆனால் நீங்கள் இருவரும் சொன்னதெல்லாம் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கிறது. உம்மை 'நீர்' என்று கூப்பிடுவதும் அதனால்தான்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பாண் சுடும் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்த நாட்களில் நீர் ஒருநாள் சொன்னீர்: "வீட்டில பிள்ளையோட இங்கிலீஸ் மட்டுந்தான். ஹொங்கொங்கில இங்கிலீஸ் தெரிஞ்சவை கதிரையில இருந்தவை, நாங்கள் நிண்டனாங்கள். சீனம் தன்ரபாட்டில வரும்."

வரவில்லை. உம்முடைய இங்கிலீசும் என்னுடையதும் ஒரே இலட்சணம். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை எப்படி நித்திரையாக்கினீர், எப்படிச் செல்லம் கொஞ்சினீர் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பிறகு அவள் வங்கி ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கே இங்கிலீஸ் எல்லாருக்கும் தெரியும். வந்த சீனர்கள் கேட்டது மண்டரின் என்ற மற்றச் சீனம். அவள் பின்னேர வகுப்புக்குப் போனாள். உமக்குத் தெரிந்ததோ ஹொங்கொங்கின் கன்ரனீஸ். "என்ர பாஷையை விட்டிட்டுப் பக்கத்து வீட்டுக்காரன்ர பாஷையைக் காசு குடுத்துப் படிக்கிறாள்," என்று சிரித்தீர். அந்த வகுப்பாலோ என்னவோ, வடக்குச் சீனத்துப் பெடியனைக் கட்டினாள். அவனுடைய தாய் கதைப்பது உமக்கு விளங்காது, நீர் கதைப்பது அவவுக்கு விளங்காது. கலியாண விருந்தில் மீனை எப்போது வைப்பது என்று இரண்டு சீனத் தாய்மாரும் உடைந்த இங்கிலீசில் சண்டை பிடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிள்ளையை இங்கிலீசில் வளர்த்தது உமக்கு வெற்றியா, தோல்வியா? நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஆனால் மற்றதைத்தான் நினைத்து நினைத்துக் குழம்புகிறேன். ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமையில், என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கன்ரனீசில் கதைத்தீர். நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். மகள் உள்ளே வந்தாள். நீர் கண்ணைத் திறந்து அவளிடம் இங்கிலீசில் கேட்டீர்: "சாப்பிட்டியா?" என்னை ஆரென்று நினைத்தீர்? தங்கையென்றா, தாயென்றா? அல்லது நான்தான் என்று தெரிந்தே கதைத்தீரா?

இன்று பின்னேரம் உம்முடைய மகள் வோபர்னில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே கேட்டாள்: "கடைசியிலயாவது அம்மா ஏன் என்னோட சீனம் கதைக்கேல்லை?"

கதிரைக் கதையைச் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை. ஆஸ்பத்திரியில் நீர் என்னோடு கன்ரனீஸ் கதைத்ததைச் சொன்னால் ஆறுதலா, இன்னொரு காயமா என்று தெரியாமலே அதையும் சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டாள்: "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னன்."

"அவ்வளவு நேரமுமோ?"

"ஓம் பிள்ளை."

சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. தன் கைப்பையிலிருந்து ரொபியை எடுத்து உரித்தாள். "இது என்ர வீடு இல்லைத்தானே அன்ரி. நான் இன்னும் வழியிலதான் நிக்கிறன்," என்று வாயில் போட்டாள். என்னையும் சாப்பிடச் சொன்னாள்.

நான் என்னுடையதை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீர் எனக்குச் சொன்னது என்னவென்றே தெரியாமல், அதை எப்படி வழியில் விட்டுவிட்டு வருவேன்?